டியூபில் இருப்பது யார் ரத்தம்?

"முருகன்!"

உள்ளிருந்து குரல் வந்ததும் பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்தார்கள். மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். மணி காலை ஆறே முக்கால். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. இருவரும் முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் எதுவும் சாப்பிடாதவர்கள். இருவர் முகத்திலும் காபி குடிக்காத கடுப்பு.

"எந்த முருகன்மா?" என்றார் வேட்டி கட்டியவர்.

"பி. முருகன்" என்றது குரல்.

"பியா, வியா?" என்றார் பேன்ட் போட்டவர். அவர் வி. ஃபேன் ஓடும் ஹாலில் பியும் வியும் ஒன்றாகத்தான் கேட்கின்றன.

ரத்தம் எடுக்கும் பெண்ணே வெளியே வந்தார். கையில் பில்லும் அதோடு பார்கோடு ஸ்டிக்கர் தாளும். "நீங்களே உங்க பேரு, வயசு, எந்த ஏரியான்னு சொல்லுங்கய்யா." வேட்டிக்காரர் சொன்னார். அந்தப் பெண் தாளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், உள்ளே கூட்டிப் போனார். மஞ்சள் மூடி டியூப், ஊதா மூடி, சாம்பல் மூடி. நிறைந்த ஒவ்வொன்றையும் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கி, பெரியவர் நாற்காலியில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும்போதே ஸ்டிக்கரை ஒட்டினார். ஒன்று லேசாகக் கோணிவிட்டது. பிய்த்து நேராக ஒட்டினார். "கோணினா மெஷின் படிக்காது சார்" என்றார் என்னிடம்.

மொத்தம் நாலு நிமிடம். அதில் ஊசி குத்திய நேரம் ஒரு நிமிடம்கூட இருக்காது. மிச்ச நேரமெல்லாம் ஒரே கேள்விக்குத்தான் போனது: இது யார் ரத்தம்?

இன்றைக்குத் தாலுகா ஊர் லேபில்கூட டியூபில் பார்கோடு வந்துவிட்டது. பெரிய இடங்கள் சிலவற்றில் அடுத்த படியாக, ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் ஆர்.எஃப்.ஐ.டி. சிப்பும் நுழைந்திருக்கிறது. "எல்லாம் கம்ப்யூட்டர், தப்பே வராது" என்ற தைரியம் நமக்கு. அந்தத் தைரியத்தில் பாதிக்குத்தான் ஆதாரம் இருக்கிறது.

மணலில் கிழித்த கோடு

பார்கோடு மருத்துவத்துக்காகப் பிறந்ததல்ல. அமெரிக்காவில் நார்மன் உட்லண்ட் என்பவர் மயாமி கடற்கரையில் உட்கார்ந்து, தான் படித்த மோர்ஸ் தந்திக் குறிகளை யோசித்தபடி மணலில் விரல்களை இழுத்தார். புள்ளியும் கோடும் நீண்டு, ஒல்லிக் கோடும் தடித்த கோடுமாயின. அவரும் பெர்னார்ட் சில்வரும் 1952இல் காப்புரிமை பெற்றார்கள். கடைக்கு வர இன்னும் 22 ஆண்டுகள் ஆயின. 1974 ஜூன் 26 அன்று ஓஹியோ மாநிலத்தின் டிராய் நகர சூப்பர் மார்க்கெட்டில் முதலில் ஸ்கேன் ஆனது ஒரு சூயிங்கம் பாக்கெட்.

லேபுக்குள் அது வேரூன்றியதில் ஜப்பானுக்குப் பெரிய பங்கு உண்டு. 1980களின் தொடக்கத்தில் கோச்சி மருத்துவக் கல்லூரியில் (கேரளக் கொச்சி அல்ல, ஷிகோகு தீவில் இருக்கும் ஊர்) டாக்டர் மசாஹிடே சசாகி, ரத்த டியூப்களைக் கன்வேயர் பெல்ட்டில் ஓடவிட்டு, ரோபோக்களைக் கொண்டு முழு லேபையும் தானியங்கியாக்கினார். பெல்ட்டில் வரும் டியூபுக்கு வாய் கிடையாது. அது தன் எண்ணைத் தானே சொல்ல வேண்டுமென்றால் உடம்பில் ஏதாவது எழுதியிருக்க வேண்டும்.

ஒரு டியூப் நகர்ந்தால்...

பார்கோடுக்கு முந்தைய லேபைப் பழைய டெக்னீஷியன்களைக் கேட்டால் சொல்வார்கள். பிளாஸ்திரித் துண்டில் பேனாவால் எழுதிய எண். ஐஸ் பெட்டித் தண்ணீர் பட்டால் மை கரைந்து 3 எது, 8 எது என்று தெரியாது. பெரிய நோட்டில் வரிசை எண். மெஷினில் டியூப்களை வரிசையாக அடுக்கி, 'முதல் இடத்தில் இருப்பவர் இவர், இரண்டாம் இடத்தில் இருப்பவர் அவர்' என்று கையால் தட்டச்சு செய்ய வேண்டும்.

இதில் ஒளிந்திருந்த ஆபத்து கொஞ்சம் பயங்கரமானது. நாற்பது டியூப் அடுக்கும்போது பத்தாவதைத் தவறவிட்டு, பதினொன்றாவதை அந்த இடத்தில் வைத்துவிட்டால், அங்கிருந்து முப்பது பேருக்குப் பக்கத்து ஆளின் ரிசல்ட் போகும். அத்தனையும் நம்பும்படியான எண்களாகவே இருக்கும். சர்க்கரை 140 இருப்பவருக்கு 132 போனால் யார் சந்தேகப்படப்போகிறார்கள்?

பார்கோடு இந்தச் சங்கிலியைத்தான் அறுத்தது. டியூபை எந்தத் துளையில் வைத்தாலும் மெஷின் கோட்டைப் படித்து, 'இந்த எண்ணுக்கு என்ன டெஸ்ட்?' என்று லேப் சாஃப்ட்வேரைக் கேட்கும். சாஃப்ட்வேர் பட்டியலைத் தரும். முடிவு அதே எண்ணில் போய் உட்காரும். நடுவில் மனிதக் கை இல்லை. எழுதுவதும் தட்டச்சுவதும் போனதோடு ரிப்போர்ட் வரும் நேரமும் சுருங்கியது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் திட்டத்தின்கீழ் 2012இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, அடையாளப் பிழைகளைக் குறைக்கப் பார்கோடைப் பரிந்துரைத்தது. இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

---

▣ கோட்டுக்குள் என்ன இருக்கிறது?

உங்கள் பெயரோ நோயோ பெரும்பாலும் கோட்டுக்குள் கிடையாது. ஓர் எண்தான். பெயரும் வயதும் மனிதக் கண்ணுக்காகப் பக்கத்தில் அச்சாகின்றன. மற்ற விவரமெல்லாம் சாஃப்ட்வேரில்.

லேப்களில் பரவலாகப் புழங்கும் 'கோட் 128' முறையில், கடைசிக்கு முந்தைய எழுத்து ஒரு காவல்காரன். மற்ற எழுத்துகளை வைத்து ஒரு கணக்குப் போட்டு, விடை இந்த எழுத்தோடு பொருந்தினால்தான் ஸ்கேனர் 'பீப்' சொல்லும்.

கோடுகளின் இரு முனையிலும் வெற்றிடம் வேண்டும். அந்த இடத்தில் பேனாவால் கிறுக்கினால் கோடு எங்கே தொடங்குகிறதென்று ஸ்கேனருக்குத் தெரியாது.

---

ஜோடியாக வரும் தப்பு

சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவுக்கு வழக்கமான ரத்தப் பரிசோதனை. சாயங்காலம் போனில் ரிப்போர்ட் வந்தது. கிரியாட்டினின் 5.8. சிறுநீரகம் கைவிட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அம்மா அடுப்படியில் நின்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கால் வீக்கமில்லை, மூச்சுவாங்கல் இல்லை. அந்த ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லை. மறுநாள் இன்னொரு லேபில் எடுத்தால் 0.9.

முதல் லேபில் போய்க் கேட்டேன். மெஷினில் கோளாறு இல்லை, பார்கோடும் சரியாகவே படித்திருக்கிறது. "ஸ்டிக்கர் மாறி ஒட்டிருச்சு சார், சாரி." பணத்தைத் திருப்பித் தந்தார்கள். படியிறங்கும்போதுதான் உறைத்தது. மாறிய ரிப்போர்ட் தனியாக வராது, ஜோடியாகத்தான் வரும். அம்மாவின் 0.9 அன்றைக்கு வேறொருவருக்குப் போயிருக்கும். நிஜமாகவே 5.8 உள்ள அந்த ஆள், 'கிட்னி நல்லா இருக்கு' என்று நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். திரும்பிப் படியேறி, அவரைக் கூப்பிட்டுச் சொன்னீர்களா என்று கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

இத்தாலியின் பதுவா நகர மருத்துவமனை ஆய்வகத்தில் மரியோ பிளெபானியும் பாவோலோ கராரோவும் பத்தாண்டு இடைவெளியில் இரு முறை தங்கள் லேபின் பிழைகளை எண்ணினார்கள். 1997இல் வெளியான கணக்கில், மொத்தப் பிழைகளில் 68.2 சதவீதம் மாதிரி மெஷினை அடையும் முன்பே நடந்தவை. 2007 கணக்கில் மொத்தப் பிழைகள் குறைந்திருந்தன. ஆனாலும் அவற்றில் 61.9 சதவீதம் அதே முதல் கட்டத்தில்தான். ஆள் மாறுவது மட்டுமல்ல, தப்பான மூடி டியூப், குளுக்கோஸ் ஏறும் கையிலேயே ரத்தம் எடுப்பது எல்லாம் இதில் சேர்த்தி. மெஷின்கள் திருந்திவிட்டன. நாற்காலியைச் சுற்றி நடப்பது அவ்வளவாகத் திருந்தவில்லை.

ஒரு நல்ல சாஃப்ட்வேர், அதே நோயாளியின் பழைய எண்ணோடு புதியதை ஒப்பிட்டு, 'போன மாதம் 0.9, இன்று 5.8, கொஞ்சம் பார்' என்று கொடி காட்டும். ஆனால் பழைய ரிசல்ட் அதே லேபில் இருந்தால்தானே? நாமோ எங்கே தள்ளுபடி என்று பார்த்து லேப் மாற்றுகிறவர்கள்.

இதே தப்பு ரத்த வகையில் நடந்தால் ஒரு ராத்திரித் தூக்கத்தோடு போகாது. ஏ வகைக்காரருக்கு பி வகை ஏறினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் ரத்த வங்கிகளில் டியூபில் ஓர் எழுத்துப் பிசகினாலும் மாதிரியைத் திருப்பி அனுப்புகிறார்கள். 'இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும்' என்றதும் சண்டைக்குப் போகும் உறவினர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் நான் ரத்த வங்கியின் கட்சி.

இன்ஷியல் ஊரின் சிக்கல்

சர்வதேச விதி எளிது: குறைந்தது இரண்டு அடையாளம் கேள், பெயரும் பிறந்த தேதியும். நம் ஊரில் இந்த இரண்டுமே வழுக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். ஒரே ஹாலில் மூன்று செல்வி, நாலு முருகன் சாதாரணம். லட்சுமியை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழி என்று பில் போடுகிற பையனைக் கேளுங்கள். பிறந்த தேதி? அறுபது தாண்டியவர்களில் பலருக்குப் பள்ளியில் சேர்த்த வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதிதான். 'வயசு அம்பத்தஞ்சு அறுபதுன்னு போட்டுக்கங்க' என்கிற பாட்டிகளும் வருகிறார்கள்.

இதோடு நம் மரியாதையும் சேர்ந்துகொள்ளும். "நீங்கதானே சரஸ்வதி?" என்று கேட்டால், காது மந்தமான பெரியவர்கள் பாதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள். வெள்ளை கோட்டு போட்டவர் கேட்பதற்கு 'ஆமாம்' சொல்வதுதான் அவர்களுக்கு மரியாதை. 'உங்க பேர் என்ன?' என்ற கேள்விக்குத் தலையாட்டிப் பதில் சொல்ல முடியாது. மதுரைப் பெண் செய்தது அதைத்தான். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

தப்பு நடக்கும் இன்னொரு இடம் ஸ்டிக்கர் ஒட்டும் நேரம். நெரிசல் உள்ள லேப்களில் டியூப்களுக்கு முன்கூட்டியே ஸ்டிக்கர் ஒட்டிக் கிண்ணங்களில் போட்டு வைக்கிறார்கள். ஆள் வந்ததும் கிண்ணத்தை எடுத்தால் போதும். வேகம்தான், ஆனால் கிண்ணம் மாறினால் ஆளே மாறினார். இன்னும் சில இடங்களில் ஐந்தாறு பேரிடம் எடுத்த பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து மொத்தமாக ஒட்டுவார்கள். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் பையன் பைக் டேங்க்மேல் தாளை வைத்து ஒட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். அந்த நிமிடத்துக்குப் பிறகு பார்கோடு செய்வதெல்லாம், ஒட்டிய தப்பை ஒரு எழுத்தும் பிசகாமல் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். கையெழுத்துக் காலத்தில் 'இது சரியா?' என்று நடுவில் ஒருவராவது புருவம் உயர்த்துவார். 'பீப்' கேட்டபின் யாரும் உயர்த்துவதில்லை.

அமெரிக்காவில் 120 நிறுவனங்களைப் பார்த்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு, அடையாளப் பிழைகளில் பெரும்பாலானவை ரிசல்ட் வெளியே போகுமுன் பிடிபடுவதாகச் சொன்னது. ஆனாலும் சராசரியாக 18 பிழைக்கு ஒன்று நோயாளியைப் பாதித்திருந்தது.

---

▣ மூடியில் எழுதாதே

காசநோய்ப் பரிசோதனைக்குச் சளி சேகரிக்கும் டப்பாவில் பெயரையும் எண்ணையும் பக்கவாட்டில்தான் எழுத வேண்டும், மூடியில் கூடாது. காரணம் எளிது: மேசையில் பத்து டப்பாவைத் திறந்தால் பத்து மூடியும் ஒரே மாதிரி. சிப் போட்டாலும் கோடு போட்டாலும் இந்த விதி மாறாது.

---

கோடும் பொய் சொல்லும்

ஸ்கேனர் ஒன்று சரியாகப் படிக்கும், இல்லையென்றால் படிக்கவே படிக்காது என்றுதான் நாம் நினைக்கிறோம். மூன்றாவதாக ஒன்று உண்டு: தப்பாகப் படித்துவிட்டு 'பீப்' சொல்வது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2010இல் இதை எழுதினார்கள். நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையில் பிரின்டர் கோளாறால் கோடுகள் பழுதாகியிருந்தன. சர்க்கரை பார்க்கும் கையடக்க மீட்டர் அதை வேறொரு எண்ணாகப் படித்து ஏற்றுக்கொண்டது. காவல்கார எழுத்து இல்லாத பழைய கோட்டு முறைகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

நம் ஊருக்கு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. பஸ் டிக்கெட் போலச் சூட்டில் அச்சாகும் மலிவு ஸ்டிக்கர், சூட்டிலும் ஸ்பிரிட் பட்டாலும் மங்கும் அல்லது கறுக்கும். ஆழ்குளிர் பெட்டிக்குச் சாதாரணப் பசை தாங்காது, ஸ்டிக்கர் உரிந்துவிடும். பிரின்டர் தலையைத் துடைப்பது யார் வேலை என்று உங்கள் லேபில் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

ரேடியோவில் பேசும் டியூப்

ஆர்.எஃப்.ஐ.டி.யை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். சுங்கச்சாவடியில் காரின் கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேக் அதுதான். மெட்ரோ ரயில் கார்டும் அதே குடும்பம். சிப்பில் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலேயே சக்தி எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். கோடு கண்ணில் பட வேண்டிய அவசியமில்லை. ஒரு பெட்டி நிறைய டியூப் இருந்தாலும் ஒரே மூச்சில் எண்ணிவிடும்.

இதன் பலனைக் காட்டியது அமெரிக்காவின் மாயோ கிளினிக். எண்டோஸ்கோப்பி அறையில் எடுக்கும் சதைத் துணுக்குகள் சிறு பாட்டில்களில் பேதாலஜிக்குப் போகும். ஒரே நோயாளிக்குப் பல பாட்டில். 2007இன் முதல் மூன்று மாதங்களில் 8,231 பாட்டில்களில் 765 லேபிள் பிழைகள். பாட்டிலுக்குச் சிப் ஒட்டி, வேலைமுறையையும் மாற்றிய பிறகு, 2008இன் அதே மூன்று மாதங்களில் 8,539 பாட்டில்களில் 47 மட்டும். எளிதில் திரும்ப எடுக்க முடியாத சதை இது என்பதை மறக்கக் கூடாது. ரத்தம் மாறினால் இன்னொரு ஊசி. புற்றுநோய்த் துணுக்கு மாறினால் இன்னொரு அறுவை.

அதைவிடக் கனமான இடம் குழந்தைப்பேறு லேப். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் விந்தணு மாறிப்போனது 2002இல் உலகச் செய்தியானது. வெள்ளையினத் தம்பதிக்குக் கறுப்பின இரட்டைக் குழந்தைகள் பிறந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. அதன்பின் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டாவது ஆள் நின்று சாட்சி சொல்லும் முறை அங்கே கட்டாயமானது. அந்தச் சாட்சி வேலையைத்தான் பல லேப்களில் இப்போது சிப் செய்கிறது. கருமுட்டைத் தட்டின் அடியில் சிப், மேசைக்குள் ரீடர். இரு தம்பதிகளின் தட்டுகள் ஒரே மேசைக்கு வந்தால் அலாரம் அலறும்.

அப்படியானால் எல்லா லேபுக்கும் இதைப் போட்டுவிடலாமா? வேண்டாம் என்பது என் கட்சி. தண்ணீரும் உலோகமும் ரேடியோ அலைக்கு எதிரி. ரத்த டியூப் என்பது பெரும்பாலும் தண்ணீர், அது நிற்கும் ஸ்டாண்ட் பல இடங்களில் உலோகம். விலையும் இருக்கிறது. பார்கோடு ஸ்டிக்கர் பைசாக் கணக்கு, சிப் ஸ்டிக்கர் ரூபாய்க் கணக்கு. நூறு ரூபாய்ச் சர்க்கரை டெஸ்ட்டில் அந்தச் செலவு கடைசியில் உங்கள் பில்லில்தான் ஏறும். ஐ.சி.யு. பக்கம் ரீடரை வைப்பதற்கும் யோசிக்க வேண்டும். நெதர்லாந்தில் நோயாளி இல்லாத அறையில் 41 மருத்துவக் கருவிகளை வைத்து 123 முறை சோதித்ததில் 34 முறை குறுக்கீடு ஏற்பட்டது, அதில் 22 ஆபத்தானவை என்று 2008இல் 'ஜாமா' இதழில் வெளியானது. கருவிகள் இன்று மேம்பட்டிருக்கலாம். உங்கள் ஆஸ்பத்திரியின் வென்டிலேட்டர் மேம்பட்டதா என்பது வேறு கேள்வி.

எல்லாவற்றுக்கும் மேல், சிப்பையும் யாரோ ஒருவர்தான் டியூபில் ஒட்டுகிறார். முருகனின் டியூபில் மற்ற முருகனின் சிப்பை ஒட்டினால், ரேடியோ அலையும் அந்தத் தப்பைத்தான் சொல்லும். திசு, கருமுட்டை, ரத்தப் பை போன்ற திரும்பக் கிடைக்காத பொருட்களுக்குச் சிப் தகும். டவுன் லேபுக்குத் தேவை வேறொன்று: நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பிரின்டர். ஆள் உட்கார்ந்த பிறகு அவருக்கு மட்டும் மூன்று ஸ்டிக்கர் அடிக்கும் பிரின்டர்.

பாட்டிலுக்குள் பூட்டு

சிப் சத்தமில்லாமல் நுழைந்துவிட்ட இடம் ஒன்று இருக்கிறது, அதை நோயாளிகள் பார்ப்பதில்லை. மெஷினுக்குள் போகும் ரசாயன பாட்டில். அதை ரீஏஜென்ட் என்பார்கள். பாட்டிலில் உள்ள சிப், காலாவதித் தேதியையும் எத்தனை டெஸ்ட் மிச்சம் என்பதையும் மெஷினுக்குச் சொல்லும். காலாவதியானதை மெஷின் தொடாது. நல்லதுதான். ஆனால் அதே சிப், வேறு கம்பெனியின் மலிவான ரசாயனத்தையும் உள்ளே விடாது. பல லேப்கள் மெஷினை விலை கொடுத்து வாங்குவதில்லை. 'உங்களிடமே ரீஏஜென்ட் வாங்குகிறேன்' என்ற ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்கின்றன. பிரின்டர் சும்மா, இங்க் விலை அதிகம் என்கிற அதே வியாபாரம். டெஸ்ட் கட்டணம் ஏன் இறங்கவில்லை என்பதற்கான விடையில் ஒரு பகுதி அந்தப் பாட்டிலின் சிப்பில் இருக்கிறது.

நாற்காலியை விட்டு எழும் முன்

இந்தியாவில் லேப்களுக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் விருப்பத்தின் பேரில் பெறுவதுதான். அங்கீகாரம் பெற்ற இடங்கள் பின்பற்றும் ஐ.எஸ்.ஓ. 15189 தரம், மாதிரி யாருடையது என்பதைச் சந்தேகமில்லாமல் காட்டச் சொல்கிறது. போர்டில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத லேபிலும் அக்கறையாக வேலை செய்கிறவர்கள் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்த முறை ரத்தம் கொடுக்கப் போகும்போது, பெயரைக் கேட்டால் இன்ஷியலோடு நீங்களே முழுதாகச் சொல்லுங்கள். 'நீங்கதானே?' என்று கேட்டாலும் தலையாட்டாமல் அதையே சொல்லுங்கள். ஊசி எடுத்ததும் அவசரமாக எழுந்துவிடாதீர்கள். உங்கள் கண்முன் ஸ்டிக்கர் ஒட்டட்டும். "கொஞ்சம் காட்டுங்கம்மா" என்று டியூபை வாங்கி, பெயரையும் வயதையும் படித்துப் பாருங்கள். அம்மா அப்பாவைக் கூட்டிப் போனால் அவர்களுக்காக நீங்கள் படியுங்கள், கண்ணாடியை அவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருப்பார்கள்.